முன்னாள் கணவர் அல்லர்

கனடாவில் இருக்கும் என் தம்பி அம்மாவைச் சில மாதங்கள் தன்னோடு வைத்துக்கொள்ள விரும்பினான். அதற்காக அம்மாவின் பழைய தாள்களையெல்லாம் பீரோவிலிருந்த மஞ்சள் துணிப்பையிலிருந்து எடுத்து, புதுச்சேரியில் ஒரு மொழிபெயர்ப்புக் கடையில் ஆங்கிலமாக்கக் கொடுத்தோம். அவற்றில் அம்மா தமிழில் எழுதிக் கையொப்பமிட்ட உறுதிமொழிப் பத்திரம் ஒன்றும் இருந்தது. அதில் ‘என் மறைந்த கணவர்’ என்றிருந்த இடத்தில், கடைக்காரர் ‘மை ஃபார்மர் ஹஸ்பண்ட்’ என்று தட்டச்சு செய்துவிட்டார். நாங்களும் கவனிக்காமல் அனுப்பிவிட்டோம். மூன்று வாரம் கழித்து, விவாகரத்துத் தீர்ப்பின் நகலை இணைக்கும்படி கேட்டு விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. 1972இல் மணந்து 2018இல் அப்பா கண்ணை மூடும்வரை அவரோடு வாழ்ந்த அம்மா, நான் படித்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு, “நான் எப்போ அவரை விட்டுட்டு வந்தேன்?” என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்துதான் கடந்துபோனதைச் சொல்ல ஆங்கிலம் வைத்திருக்கும் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். தமிழில் ‘முன்னாள்’, ‘பழைய’ என்ற இரண்டு சொற்களைக் கொண்டே பெரும்பாலான இடங்களைக் கடந்துவிடுகிறோம். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்திற்குள் நுழையும்போதுதான் இடறுகிறோம். முடிந்தது எது என்பதை அங்கே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. முடிந்தது உறவா, பதவியா, ஆளின் உயிரா, வெறும் பெயரா என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது.

‘ஃபார்மர்’ என்றால் ஆள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் அந்தப் பதவியோ உறவோ முடிந்துவிட்டது. ‘எக்ஸ்’ என்ற முன்னொட்டும் அப்படித்தான். ‘வெளியே’ என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முன்னாள் படைவீரரை நம் நாட்டு அலுவலகங்கள் ‘எக்ஸ்-சர்வீஸ்மேன்’ என்று குறிப்பது முற்றிலும் சரி, ஏனெனில் அவர் படையிலிருந்து வெளியே வந்தவர். ‘லேட்’ என்ற சொல்லின் வழி வேறு. பழைய ஆங்கிலத்தில் ‘மெதுவான’ என்ற பொருளில் தொடங்கி, ‘அண்மைவரை’ என்ற பொருளுக்கு வந்து, அங்கிருந்து ‘அண்மைவரை நம்மோடு இருந்தவர்’ என்று இறந்தவரைக் குறிக்கலாயிற்று. அதனால்தான் நெடுங்காலத்துக்கு முன் மறைந்தவர்களை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வதில்லை. திருவள்ளுவருக்கு முன்னால் யாரும் ‘லேட்’ போடமாட்டார்கள். அப்பா ‘லேட்’தான். அவர் மறைந்தார், அம்மாவுக்கும் அவருக்கும் இருந்த உறவு மறையவில்லை. ‘ஃபார்மர்’ என்ற ஒரு சொல் அந்த உறவையே அறுத்துவிட்டது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதே தாள்களுக்கிடையே அம்மாவின் பிறப்புப் பதிவு பிரெஞ்சு மொழியில் இருந்தது. அவள் 1950இல் புதுச்சேரியில் பிறந்தவள். ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1ஆம் நாள். சட்டப்படியான மாற்றம் நிறைவேறியதோ 1962 ஆகஸ்ட் 16இல். ஆகவே பிறந்த இடத்தை ‘முன்னாள் பிரெஞ்சு இந்தியா’ என்று எழுத ‘ஃபார்மர்’ பொருந்துகிறது. ஆனால் ஊர் அப்படியே இருக்க, 2006இல் பாண்டிச்சேரி என்ற பெயர் மட்டும் புதுச்சேரி என மாறியதைச் சொல்ல அந்தச் சொல்லை ஊரின் முன்னால் போடக்கூடாது. ‘முன்பு இப்பெயரால் வழங்கியது’ என்று பொருள்படும் ‘ஃபார்மர்லி’ என்பதைப் பழைய பெயரின் முன்னால் போட வேண்டும். என் தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர், ஊரார் சொல்படி சொல்தா. அவருடைய தாளிலிருந்த ‘ஆன்சியன்’ என்ற பிரெஞ்சுச் சொல்லைக் கடைக்காரர் ‘ஏன்ஷியன்ட்’ என்று ஆக்கியிருந்தார். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும்போது அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு ‘முன்னாள்’ என்பதே பொருள். தாத்தாவைச் சங்ககாலத்துக்கே அனுப்பிவிட்டார்கள்.

கடலூர் வீட்டுப் பத்திரத்தில் ‘தென்னார்க்காடு மாவட்டம்’ என்றிருக்கிறது. 1993இல் பிரிக்கப்பட்ட அந்த மாவட்டம் இன்று அந்த வடிவில் இல்லை. இத்தகைய இடத்தில் இந்திய ஆங்கிலம் ‘எர்ஸ்ட்வைல்’ என்று எழுதும். இங்கிலாந்தில் அருகிவிட்ட அந்தப் பழஞ்சொல் நம் செய்தித்தாள்களிலும் பத்திரங்களிலும் நாள்தோறும் புழங்குகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. ‘ப்ரீவியஸ்’ என்பதோ ‘முந்தைய’ என்பதற்கு நேர். முன்னாள் ஆட்சியர்கள் பலர் இருக்கலாம், முந்தைய ஆட்சியர் ஒருவர்தான்.

பெயர்களை விட்டு வினைகளுக்கு வந்தால் சிக்கல் இன்னும் நுட்பமாகிறது. ஒருகாலத்தில் வழக்கமாக இருந்து இப்போது இல்லாததைச் சொல்ல ‘யூஸ்டு டு’ இருக்கிறது. ஆனால் இத்தனை ஆண்டு என்று கணக்குச் சொல்லிவிட்டால் அது வராது. பாரதியார் 1908இல் புதுச்சேரிக்கு வந்து 1918இல் வெளியேறினார். வெளியேறியதும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். அவர் புதுச்சேரியில் ‘பத்தாண்டு வாழ்ந்தார்’ என்பதற்கு ‘லிவ்டு’ என்ற எளிய இறந்தகாலமே போதும். அங்கே ‘யூஸ்டு டு’ போட்டால் பிழை. இந்தப் பிழையை நானே பல ஆண்டுகள் செய்திருக்கிறேன்.

இன்னொன்று ‘வுட்’. ‘வில்’ என்ற எதிர்காலத் துணைவினையின் இறந்தகால வடிவம் அது. அதைக் கொண்டு பழைய வழக்கத்தைச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தின் விந்தை என்று இதை நினைத்திருந்தேன். ஆனால் நம் வீட்டுப் பேச்சிலேயே அது இருக்கிறது. ‘அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கடலூர் வெள்ளிக் கடற்கரைக்குப் போவோம்’ என்கிறோம். ‘போவோம்’ எதிர்கால வினை, ஆனால் சொல்லப்படுவது கடந்த காலம். வேறுபாடு ஒன்று உண்டு. ‘அந்தக் காலத்தில் தெருமுனையில் ஒரு கிணறு இருக்கும்’ என்று நிலையையும் நாம் அப்படிச் சொல்லிவிடுவோம். ஆங்கிலத்தில் செயலுக்குத்தான் ‘வுட்’ வரும், கிணறு இருந்ததைச் சொல்ல ‘யூஸ்டு டு’தான் வேண்டும்.

தாள்களைத் திருத்தி, ‘லேட்’ என்று மாற்றி, இம்முறை ஒவ்வொரு வரியையும் நானே சரிபார்த்து அனுப்பினேன். அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து, எந்தச் சொல்லை எடுத்துவிட்டு எதைப் போட்டேன் என்று அம்மாவிடம் விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தவள், வாசல் விளக்கைப் போட எழுந்தபடியே, “உங்க அப்பா சரியா ஆறு மணிக்கு வந்துடுவாரு. செருப்புச் சத்தம் கேட்டதும் நான் அடுப்புல டீக்கு வெச்சிடுவேன்” என்றாள்.