காளிக்கு கடைசி வரைக்கும் அந்த இன்ஜினியரைப் பிடிக்காது

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் ஹால்ல உக்காந்திருந்தப்போ டிவில 'முள்ளும் மலரும்' ஓடிட்டு இருந்துச்சு. பாதிலதான் பார்க்க ஆரம்பிச்சோம், ஆனா எனக்கு அந்தப் படம் எங்கிருந்து ஆரம்பிச்சாலும் ஒண்ணுதான், நான் காத்திருக்கறது அந்தக் கடைசி அஞ்சு நிமிஷத்துக்கு. எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு கணக்கே இல்ல, இப்பவும் அந்த இடம் வந்தா கையில இருக்கற வேலை அப்படியே நின்னுடும்.

பார்க்காதவங்க யாராவது இருந்தா சொல்லிடறேன். 1978ல வந்த படம், மகேந்திரன் டைரக்ட் பண்ண முதல் படம், உமாசந்திரனோட நாவல்ல இருந்து எடுத்தது. காளி (ரஜினி) ஒரு மலைக்கிராமத்துல விஞ்ச் ஆபரேட்டர், அதாவது கம்பி வடத்துல இழுத்து மலை ஏத்தற வண்டியை இயக்கறவன். அப்பா அம்மா கிடையாது, தங்கச்சி வள்ளி மட்டும்தான், அது ஷோபா. புதுசா வந்த இன்ஜினியர் குமரனுக்கும் (சரத்பாபு) காளிக்கும் ஆரம்பத்துல இருந்தே ஆகாது. வேலைல சஸ்பெண்ட் ஆகி, குடிச்சிட்டு ரோட்டுல விழுந்து கிடந்து, லாரி ஏறி ஒரு கையே போயிடும். அதுக்கப்புறம் வேலையும் இல்லைன்னு ஆனப்போ அதே இன்ஜினியர் முன்னாடி நின்னுதான் அந்த "கெட்ட பய சார்" வசனம் பேசுவாரு. இப்போ அதை ஸ்டைலுக்காக எல்லாரும் பேசறோம், ஆனா படத்துல அது கை போன ஒருத்தன் அழுதுடக் கூடாதுன்னு பேசற பேச்சு, அந்தக் குரலை மறுபடி ஒரு தடவை நல்லா கேட்டுப் பாருங்க.

அப்புறம் அந்த இன்ஜினியரே வள்ளியைக் கல்யாணம் பண்ணிக்கக் கேட்பாரு. காளி முடியவே முடியாதுன்னுடுவான். ஊரே வள்ளி பக்கம், காளியோட பொண்டாட்டி மங்காவும் வள்ளி பக்கம், எல்லாருமா சேர்ந்து வள்ளியைக் கூட்டிட்டு கல்யாணத்துக்குக் கிளம்பிடுவாங்க. வழில காளி தனியா நிப்பான். உன்கூட இப்போ யாரும் இல்லைங்கற மாதிரி ஆகிடும். அப்போ வள்ளி திரும்பிப் பார்ப்பா, பார்த்துட்டு, அத்தனை பேரையும் விட்டுட்டு அண்ணன்கிட்ட ஓடி வந்துடுவா. அவ ரெண்டு கையால கட்டிக்குவா, அவன்கிட்ட இருக்கறது ஒரு கை.

அந்த நிமிஷம் காளிக்கு எல்லாமே கிடைச்சிடுது. என் தங்கச்சிக்கு உங்க எல்லாரையும் விட நான்தான் பெருசுன்னு ஊருக்கே சொல்லிட்டு, அந்தச் சந்தோஷத்துல அவனே அவளைக் கூட்டிட்டுப் போய் கொடுக்கறான். ஆனா கொடுக்கறப்போ கூட இன்ஜினியர்கிட்ட, இப்பவும் உங்களை எனக்குப் பிடிக்கல சார்னு சொல்லிட்டுதான் கொடுக்கறான்.

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்த சீன் என்னை விடமாட்டேங்குதுன்னு நினைக்கறேன். வேற யாராவது எடுத்திருந்தா காளி கண்ணைத் துடைச்சுட்டு மன்னிப்பு கேட்டிருப்பான், இன்ஜினியர் மச்சான்னு கூப்பிட்டு கட்டிப் பிடிச்சிருப்பாரு, எல்லாரும் வரிசையா நின்னு சிரிச்சு போட்டோ மாதிரி படம் முடிஞ்சிருக்கும், நாமளும் வீட்டுக்கு வர்ற வழியிலயே மறந்திருப்போம். இதுல காளி மாறவே இல்ல. கோவம் அப்படியே இருக்கு, வீம்பு அப்படியே இருக்கு, தங்கச்சிக்காக ஒரு அடி நகர்ந்து கொடுக்கறான், அவ்வளவுதான். நிஜத்துல மனுஷங்க அப்படித்தானே இருக்காங்க?

மகேந்திரன் அதுக்கு முன்னாடி 'தங்கப்பதக்கம்' மாதிரி வசனத்துக்கே பேர் வாங்கின படத்துக்கெல்லாம் எழுதினவரு. அப்படிப்பட்டவரு தானா டைரக்ட் பண்ண வந்ததும் வசனத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைச்சிருக்காரு பாருங்க. ஷூட்டிங் கடைசில பணத்துக்குச் சிக்கல் வந்து, மிச்சம் இருந்ததை எடுத்து முடிக்க கமல்தான் கை கொடுத்தாருன்னு மகேந்திரனே சொல்லியிருக்காரு. பாலு மகேந்திராவோட கேமரா, இளையராஜாவோட மியூசிக், இந்த ரெண்டையும் நம்பி பேசாம விட்ட இடம் அந்தப் படத்துல எத்தனையோ இருக்கு. அத்தனை கம்மியா பேசற படத்துல கடைசில அந்த ஒரு வரி வரும்போது அதுக்கு இருக்கற கனமே வேற.

சரி, எனக்கு ஏன் இவ்வளவுன்னா, எங்க அண்ணன்.

அப்பா தவறினப்போ நான் ஏழாவது, அண்ணன் பாலிடெக்னிக்ல அப்பதான் சேர்ந்திருந்தாரு. அதோட படிப்பை விட்டுட்டு கோயம்புத்தூர்ல ஒரு லேத் பட்டறைல வேலைக்குப் போயிட்டாரு. ராத்திரி வீட்டுக்கு வரும்போது சட்டைல ஆயில் வாசம், நகத்துக்குள்ள எல்லாம் கருப்பா இரும்புத்தூள், சோப்பு போட்டுத் தேய்ச்சாலும் போகாது, அந்தக் கையாலதான் எனக்கு ஃபீஸ் பணத்தை எண்ணிக் கொடுப்பாரு. பட்டறைல ஒரு தடவை பிசிறு தெறிச்சு புருவத்துக்கு மேல கிழிச்சிருச்சு, கண்ணாடி கூட வாங்கித் தராம வேலை வாங்கிட்டிருந்தாங்க, அப்பவும் மறுநாள் கட்டு போட்டுட்டு வேலைக்குப் போனாரு. இந்தப் படத்தை முதல் தடவை நான் பார்த்தது அவரோடதான், கிளைமாக்ஸ் வந்ததும் தண்ணி குடிக்கற மாதிரி எந்திரிச்சு சமையல்கட்டுக்குப் போயிட்டாரு. சொம்பு சத்தம் கேட்கும்னு பார்த்தேன், கேட்கவே இல்ல.

2009ல நான் எனக்குப் பிடிச்சவரை வீட்ல சொன்னப்போ அண்ணனுக்கு அது ஒத்துக்கல. எங்க ஆளுங்க கிடையாது, அது ஒண்ணு, அதை விட என்கிட்ட கேட்காம முடிவு பண்ணிட்டியேங்கறதுதான் பெருசு. நாலு மாசம் பேசல. ஒரே வீட்ல இருந்துட்டு, அம்மா வழியாதான் பேச்சு, "பாப்பா சாப்டாளான்னு கேளும்மா"ன்னு நான் பக்கத்துல நிக்கும்போதே அம்மாகிட்ட கேட்பாரு. அப்புறம் ஒரு நாள் காலைல மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்து ரசீதை மேஜை மேல வெச்சுட்டு வேலைக்குப் போயிட்டாரு. அவ்வளவுதான் அவரோட சம்மதம். கல்யாணத்தன்னிக்கு பந்தில நின்னு இலை இலையா பார்த்தது அவர்தான், ஆனா எங்க வீட்டுக்காரர்கிட்ட "வாங்க", "சாப்டீங்களா", இந்த ரெண்டுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது. இத்தனை வருஷமா அதே ரெண்டுதான்.

வீட்டுக்கு வருவாரு, வராம இருக்க மாட்டாரு. குழாய்ல வாஷர் மாத்துவாரு, மோட்டார் ஸ்டார்ட் ஆகலன்னா கேப்பாசிட்டர் வாங்கிட்டு வந்து போட்டுட்டுப் போவாரு, எங்க கேட்டுக்கு இருக்கற தாழ்ப்பாள் அவர் லேத்துல கடைஞ்சு கொண்டுவந்து மாட்டினது, இன்னிக்கு வரைக்கும் ஒரு ஆட்டம் கிடையாது. ஆனா இவர் ஆபீஸ் விட்டு வர்ற நேரத்துக்கு முன்னாடி கிளம்பிடுவாரு. முதல்ல எல்லாம் எனக்கு ரொம்ப வலிக்கும். அப்புறம் எப்போன்னு தெரியல, காளி சொன்ன அந்த வரியை நினைச்சுக்குவேன், நினைச்சா அண்ணன் மேல கோவமே வராது.

மத்த சீன்களை யோசிச்சாலும் எனக்கு இதேதான் தோணுது. 'காக்கா முட்டை'ல அந்த ரெண்டு பசங்களும் ரயில் ரோட்டோரம் கரி பொறுக்கி, பீட்சா கடை வாசல்ல அடி வாங்கி, கடைசில அந்தக் கடைக்குள்ளயே ராஜமரியாதையோட உக்காந்து பீட்சா சாப்பிடுவாங்க. சாப்பிட்டுட்டு, பாட்டி சுட்ட தோசையே நல்லா இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. தியேட்டர்ல எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல, ஏன்னா பேரனுங்க ஆசைப்பட்டாங்கன்னு பீட்சா கடை நோட்டீஸைப் பார்த்து தோசை மேல காய் தூவி பீட்சா சுட்டுக் கொடுத்த பாட்டி அப்போ உயிரோட இல்லையே. பீட்சா கிடைச்சிடுச்சு, அந்த தோசை இனிமே கிடைக்காது. டைரக்டர் மணிகண்டன் அதைச் சொல்லாமலே விட்டிருக்காரு.

மகேந்திரனோட அடுத்த படம் 'உதிரிப்பூக்கள்'ல ஊரே சேர்ந்து அந்தக் கெட்டவனை ஆத்துல இறங்கிச் சாகச் சொல்லும். நான் பண்ணதுலயே பெரிய தப்பு உங்க எல்லாரையும் என்னை மாதிரி ஆக்கினதுதான்னு சொல்லிட்டு அவன் போயிடுவான். கெட்டவன் ஒழிஞ்சான்னு நிம்மதியா விட மாட்டாரு, அவனோட ரெண்டு குழந்தைங்களைக் கரையில நிக்க வெச்சிடுவாரு. 'பரியேறும் பெருமாள்'லயும் கடைசில, சாதியால அடி வாங்கின பரியனும் அவன் தோழியோட அப்பாவும் பேசி முடிச்சதும் ரெண்டு டீ கிளாஸ், நடுவுல ஒரு மல்லிகைப்பூ. கட்டிப்பிடிக்கறது இல்ல. ரெண்டு கிளாஸும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, இன்னும் ரெண்டாதான் இருக்கு.

முழுசா சரியாயிட்ட சீனை நாம தியேட்டர்லயே விட்டுட்டு வந்துடறோம். கொஞ்சம் மிச்சம் வெச்சு முடிச்சதுதான் கூடவே வீட்டுக்கு வருது, அந்த மிச்சத்துல நம்ம வீட்டு விஷயம் போய் உக்காந்துக்குது.

ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். அன்னிக்கு அண்ணன் வந்திருந்தாரு, லீவு நாள்ங்கறதால இவரும் வீட்ல, ரெண்டு பேரும் ஆளுக்கொரு சேர்ல டிவியைப் பார்த்துட்டு உக்காந்திருந்தாங்க. வள்ளி ஓடி வந்தா, காளி சொல்ல வேண்டியதைச் சொன்னான், நான் ரெண்டு பேர் முகத்தையும் பார்க்காம தரையையே பார்த்துட்டு இருந்தேன். படம் முடிஞ்சு விளம்பரம் வந்துச்சு. அண்ணன் இந்தத் தடவை தண்ணி குடிக்க எந்திரிக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு டிவியைப் பார்த்தபடியே, "காலைல நீங்க வண்டி எடுக்கறப்போ கேட்டனுங்க, செயின் சத்தம் வருது. சாவி குடுங்க"ன்னாரு.

இவர் எந்திரிச்சு ஆணில மாட்டியிருந்த சாவியை எடுத்துக் கொடுத்தாரு. கொடுத்துட்டு இவரும் கூடவே வாசலுக்குப் போனாரு. வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போடற சத்தம் கேட்டுச்சு, நான் டீ வைக்க உள்ளே போயிட்டேன்.