மிக்சர் பக்கத்தில் கேட்டவை

எடப்பாடி, அந்தியூர், பவானிப் பக்கம் நோம்பி (திருவிழா) நாள் கூத்துகளுக்கு மைக் செட் போடுவது என் தொழில். வேஷக்காரர்கள் மேடையில் இருப்பார்கள். நான் சனங்களுக்கு நடுவே, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டியோடு உட்கார்ந்திருப்பேன். பாட்டைப் பற்றி அவர்கள் என்ன பேசினாலும் முதலில் என் காதில்தான் விழும்.

ஒரு முறை கர்ண மோட்சம் கூத்து. கர்ணனின் மனைவி பொன்னுருவியாக வேஷம் கட்டியவருக்குத் தொடர்ந்து மூன்று நாள் ஆட்டம், தொண்டை கட்டிவிட்டது. உதவி செய்கிறோம் என்று நினைத்து மைக்கை ஏற்றி எக்கோவும் சேர்த்தேன். போர்வையோடு உட்கார்ந்திருந்த வயதான ஒரு அப்பிச்சி எழுந்து வந்தார்.

"ஏங்கண்ணு, பாடறது அவனா, உம்பட பொட்டியா?"

நான் விளக்கம் சொல்லப் போனேன். "தொண்டை போனது எங்களுக்கும் தெரியுது. புருசன் சாகப் போறான், அவ கொரலு அப்படித்தான இருக்கும்? கொறச்சு வை" என்றார். குறைத்தேன். போருக்குக் கிளம்பும் கர்ணனைப் பொன்னுருவி மறிக்கிற இடத்தில் அந்தக் கரகரத்த குரல் அப்படியே வந்தது. என் பக்கத்தில் இருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நான் கெடுக்க இருந்த பாட்டு அது.

கூத்தை நடத்தும் வாத்தியார்களையும் சனங்கள் விட மாட்டார்கள். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை. திருவிழாவுக்கென்று தனி அனுமதி வாங்கினாலும் 12 மணிதான். விடிய விடிய ஆடும் கூத்தை அதற்குள் அடக்க, ஒரு வாத்தியார் திரைக்குப் பின்னால் நின்று பாடும் விருத்தங்களை வெட்டினார். சனங்களுக்குக் கோபம். கோமாளி பேச்சைக் குறைத்திருக்கலாமே என்றார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. வேஷம் கண்ணுக்குத் தெரியும் முன்னே குரல் வர வேண்டும். திரைக்கு மேல் கிரீடம் மட்டும் அசையும்போது, குழந்தைகள்கூடத் தூக்கம் கலைந்து நிமிர்ந்து உட்காரும்.

மகன் ஒரு நாள் இத்தாலி ஆப்பரா, அதாவது பாட்டிலேயே நடக்கும் நாடகம் ஒன்றை போனில் காட்டினான். 2006இல் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் வெர்டியின் 'ஐடா'. நாயகன் வேஷம் கட்டிய ராபர்த்தோ அலான்யா முதல் பாட்டை முடித்ததும் மேல் மாடத்திலிருந்து கூச்சல். மனிதர் மேடையை விட்டே போய்விட்டார். மாற்றுப் பாடகர் வேஷம் கட்ட நேரமில்லாமல், போட்டிருந்த உடுப்போடு வந்து பாடினார். அங்கே மைக் இல்லாமல் பாடுவார்களாம். அப்படியென்றால் கேட்பவர்களின் காது எவ்வளவு கூர்மையாக இருக்கும்! ஆனாலும் அந்தப் பாடகரை நினைத்து அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் ஊரில் யாரும் கத்த மாட்டார்கள். பாட்டு பிடிக்கவில்லை என்றால் போர்வையைச் சுருட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவார்கள். நல்ல கட்டம் வரும்போது திரும்பி வருவார்கள்.

இப்போதெல்லாம் ஒருவர் குரல் இறங்கினால் அவர் மைக்கைத் தொடுவதில்லை. ஆர்மோனியத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, முன்வரிசையைப் பார்க்கிறேன்.