பிரேக்கில் தொடங்கி ஆக்ஸிலுக்குள் போன வேலை

என் வண்டிக்குப் பிரேக் இல்லாமல் இல்லை. மிதித்தால் நிற்கும், எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்பதுதான் தெரியாது. போன ஆண்டு கொருக்குப்பேட்டை கேட் பக்கத்தில் ஒருமுறை அவசரமாக மிதித்தேன். முன்னால் போன மீன்பாடி வண்டிக்குப் பின்னால் நிற்க வேண்டியது, சடாரென வலப்பக்கம் ஒடிந்து அதற்கு இணையாகப் போய் நின்றது. மீன்பாடிக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னா நைனா, நீ வண்டிய ஓட்றியா, வண்டி உன்ன ஓட்டுதா?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் மகிந்திரா ஜீப்பாக இறங்கியது. நடுவில் யாரோ பின்பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு இரும்புத் தொட்டி கட்டிப் பிக்கப் ஆக்கியிருக்கிறார்கள். டீசல், நாலு சக்கரமும் இழுக்கும். முகமும் அடிப்பாகமும் அப்படியே பழைய அமெரிக்க ஜீப்பான வில்லிஸ் காலத்து வடிவம். அதனால் பழைய வில்லிஸ் மேனுவலை அச்செடுத்து வைத்துக்கொண்டால் முக்கால்வாசி வேலை நடக்கும். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் அது திரும்பாது என்பதால், மணலி ரோடு ஓரமாக ஒரு தகரக் கொட்டகையில் மாத வாடகைக்கு நிற்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் அங்கேதான் நின்றது. இரண்டு நாள் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் முழுகத் தண்ணீர். இந்தத் தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

வலப்பக்கம் இழுக்கிறது என்றால் இடப்பக்கம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இடது பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கலாம், அரை நாள் வேலை என்றுதான் இறங்கினேன்.

முதல் பாடம் ஐந்தாவது நிமிடத்தில் கிடைத்தது. ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு இடது பின்பக்கம் ஜாக்கி கொடுத்தேன். சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் வண்டி மெல்ல முன்னால் நகர்ந்தது. நல்லவேளை கொட்டகைத் தரை அவ்வளவு சரிவில்லை, ஒரு முழம் போய் ஜாக்கி சாய்ந்து நின்றுவிட்டது. இந்த ஜீப்களில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் ஒரு தனி டிரம். ஒரு பின்சக்கரம் தூக்கிவிட்டால் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் வழியாக அது எதிர்த்திசையில் சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் தன் பாட்டுக்கு உருளும். ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி போகும். அன்றிலிருந்து முன்சக்கரம் இரண்டுக்கும் இரண்டு பக்கமும் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடுவதில்லை.

அடுத்தது வீல் நட். இடப்பக்கச் சக்கரங்களுக்கு எதிர்மரை. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். எனக்கு இது தெரியும், இருந்தும் கை பழக்கதோஷத்தில் மூன்றாவது நட்டை வழக்கமான பக்கம் இழுத்து ஒரு ஸ்டட்டை முறித்தேன்.

இந்த ஆக்ஸிலில் பின் ஹப் ஒரு கூம்பு ஷாஃப்ட்டின் மேல் சாவியோடு (தனியே சுற்றாமல் பிடிக்கும் சின்ன இரும்புக் கட்டை) உட்கார்ந்திருக்கும். வருடக்கணக்கில் உட்கார்ந்தது லேசில் எழாது. சுத்தியலால் அடித்தால் அந்த அடி பேரிங்குக்குத்தான் போகும். மூலக்கடையில் லாரி ஆக்ஸில் வேலை பார்க்கும் மேஸ்திரி ஒருவர் ஹப்பை இழுத்துக் கழற்றும் புல்லர் கொடுத்தனுப்பி ஒரே ஒரு யோசனை சொன்னார்: "நட்ட முழுசா எடுத்துடாத தம்பி. நாலு மரை லூஸ் பண்ணி அதுலயே வுட்டு வை. இல்லாங்காட்டி கழண்டு வந்து உன் மூஞ்சில அடிக்கும்." புல்லரை இறுக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து இன்னொரு கால் சுற்று இறுக்கியபோது துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஹப் நட்டில் மோதி நின்றது. மேஸ்திரி சொன்னதைக் கேட்காமல் இருந்திருந்தால் இதை எழுத முன்பல் இருந்திருக்காது.

டிரம்மைக் கழற்றியதும் விஷயம் புரிந்துவிட்டது. பிரேக் ஷூ முழுக்க ஆக்ஸில் ஆயில். ஷூவின் மேல் டிரம்மோடு உரசும் லைனர் எண்ணெயில் ஊறிய அப்பளம் மாதிரி பளபளத்தது. இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வைத்தியம் உண்டு: லைனரைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பு வைத்து எரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டிவிடுவது. ஒரு வாரம் பிடிக்கும். உள்ளே ஊறிய எண்ணெய் சூட்டில் மறுபடி மேலே வரும். புது லைனர் ரிவெட் அடிப்பதுதான் வழி. பழைய லைனர் தூசியை வாயால் ஊதவும் கூடாது, ஏர் அடிக்கவும் கூடாது. அந்தக் காலத்து லைனர்களில் அஸ்பெஸ்டாஸ் இருந்தது. சோப்புத் தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடைத்தேன். கொட்டகைக்கு வந்த பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

சரி, ஆயிலை வெளியே விடாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீல் போய்விட்டது, மாற்றுவோம் என்று புதுப்பேட்டை போய் வாங்கி வந்தேன். மேஸ்திரியிடம் காட்டினேன். அவர் சீலைப் பார்க்கவே இல்லை. "பிரீதர் பாத்தியா?" என்றார்.

ஆக்ஸில் ஹவுசிங்கின் மேல்பக்கம் சுண்டு விரல் நுனி அளவுக்கு ஒரு சின்ன மூடி இருக்கும், அதுதான் ஆக்ஸிலின் மூக்கு. ஓடும்போது உள்ளே இருக்கும் ஆயிலும் காற்றும் சூடேறி விரியும், அந்தக் காற்று இதன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். என் வண்டியில் அதன் மேல் மண், அதன் மேல் கிரீஸ், அதற்கும் மேல் முந்தைய சொந்தக்காரர் அடித்த கறுப்பு பெயிண்ட் இரண்டு கோட். மூக்கை அடைத்தால் காற்று போக இடம் தேடும், ஆயில் சீல் உதட்டைத் தள்ளிக்கொண்டு டிரம்முக்குள் போகும், கூடவே ஆயிலும். நான் வாங்குவதற்கு முன்பே இந்த சீல் இரண்டு முறை மாற்றப்பட்டிருக்கிறது என்று பின்னால் தெரிந்தது. மாற்றியவர்கள் யாருமே மூக்கைப் பார்க்கவில்லை.

வெள்ளக் கதை இங்கேதான் சேருகிறது. சூடாக இருக்கும் ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மூக்கு அடைத்திருந்தால் அதே சீல் வழியாக இப்போது தண்ணீரை உறிஞ்சும். புயல் அன்று நான் எண்ணூரிலிருந்து ஓட்டி வந்து நேராகத் தண்ணீரில்தான் நிறுத்தினேன். டிரெயின் பிளக்கைத் திறந்ததும் வந்தது 90 ஆயில் இல்லை. பால் கூடிப்போன டிகிரி காபி. அந்த நிறத்தைப் பார்த்தபோதுதான் அரை நாள் வேலை என்ற நினைப்பை விட்டேன்.

இரண்டு ஆக்ஸிலையும் திறப்பது என்று ஆனபின் முதலில் பல் கணக்குப் பார்த்தேன். முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நாலு சக்கரமும் போட்டதும் ஒன்றை ஒன்று இழுத்து எதையாவது உடைக்கும். இப்படிக் கை மாறி வந்த வண்டிகளில் எந்த ஆக்ஸில் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனில் 43 பல், அதைச் சுற்றும் சிறிய பினியனில் 8. அதாவது 5.38. முன்பக்கமும் அதேதான். திறக்காமலே பார்க்க வேண்டுமானால் ஒரு சக்கரம் தரையில் அழுந்தியிருக்க, கியரை நியூட்ரலில் போட்டு, மற்றதை இரண்டு முழுச்சுற்று சுற்றினால் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும். கிரவுன் பினியனில் துரு பிடிக்கவில்லை, பல்லில் உரசல் சீராக இருந்தது, அதைத் தொடவில்லை. தொட்டால் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு), பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள ஆட்டம்) என்று அது தனி உலகம்.

பேரிங்குகள்தான் தண்ணீருக்குப் பலி. ரோலர் ஒவ்வொன்றிலும் வரி வரியாகத் துரு. முன் ஹப்புக்கு உள்ளும் வெளியும் ஒரே எண்தான்: கூம்பு 18590, கப் 18520. பாரிமுனையில் எண்ணைச் சொன்னதும் எடுத்துப் போட்டார்கள். பின் ஷாஃப்ட் பேரிங்கை மேஸ்திரியின் பிரெஸ்ஸில் ஏற்றினோம். பின்பக்கத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இடது வலது ஷாஃப்ட்கள் நடுவில் ஒரு கட்டையில் முட்டிக்கொள்கின்றன. ஆகவே ஒரு பக்கம் பிரேக் ஷூவைத் தாங்கும் பேக் பிளேட்டுக்குப் பின்னால் ஷிம் எடுத்தால் மறு பக்கத்து ஆட்டமும் சேர்ந்து குறையும். இது புரியாமல் இடப்பக்கம் எடுத்து, வலப்பக்கமும் எடுத்து, சக்கரம் கையால் சுற்றவே முடியாமல் இறுகிப்போய், எல்லாவற்றையும் அவிழ்த்தேன். கடைசியில் டயல் கேஜில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டத்தில் நிறுத்தியது.

முன்பக்கம் மூடிய உருண்டை வகை நக்கிள், அதாவது சக்கரம் திரும்பும் முட்டி. ஜாயின்ட் ஒரு இரும்புப் பந்துக்குள் கிரீஸில் கிடக்கும், மேலும் கீழும் முட்டி திரும்பும் அச்சான கிங் பின்னுக்குப் பேரிங், வெளியே ஃபெல்ட் வைத்த சீல். நான் பார்த்த இந்த வகை வண்டிகளில் பத்துக்கு ஒன்பதில் இந்தப் பந்திலிருந்து ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் பக்கத்து உப்புக் காற்றில் பந்தின் மேல்பரப்பு புள்ளி புள்ளியாக அரித்துவிடுகிறது. அந்தச் சொரசொரப்பில் எந்த சீலும் நிற்காது. முதலில் நைசான உப்புத்தாளில் தேய்த்து, ஆழமான குழிகளை எபாக்ஸி பூசி மறுபடி தேய்த்தேன். ஒரு வாரம் மாலை முழுக்க இதுதான்.

கிங் பின் இறுக்கத்தைப் பார்க்க ஸ்பிரிங் தராசு வேண்டும். சீல் மாட்டாமல், ஸ்டியரிங் கையின் ஓட்டையில் கொக்கியைப் போட்டு இழுத்து, நக்கிள் எந்த எடையில் அசைகிறது என்று படிக்க வேண்டும். கடையில் கேட்டால் எங்கும் இல்லை. காசிமேட்டில் மீன் விற்கும் அக்காவிடம் ஒரு மணி நேரத்துக்கு இரவல் கேட்டேன். "எதுக்குப்பா?" என்றார். "ஜீப் முட்டிய நிறுக்கணும்க்கா" என்றேன். சந்தேகமாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். வலது பக்கம் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே அசைந்தது, சரி. இடது பக்கம் எழுநூறு கிராமிலேயே ஆடியது. ஒரு ஷிம் எடுத்தபின் அதுவும் இரண்டரைக்கு வந்தது. தராசைத் திருப்பிக் கொடுத்தபோது அதில் மீன் வாடையோடு கிரீஸ் வாடையும் சேர்ந்துவிட்டது. அரை கிலோ சங்கரா வாங்கிக் கணக்கைச் சரிக்கட்டினேன்.

முன் ஹப் நட்டை இறுக்க 2 1/16 அங்குலப் பெட்டி ஸ்பேனர் இருக்கிறது. அது இல்லாமல் எல்லோரும் உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டியே முனைகளை உருட்டிவிடுகிறார்கள். என் நட்களும் அப்படித்தான் கொழுக்கட்டை வடிவத்தில் இருந்தன. புது நட், புது லாக் வாஷர். சக்கரம் இறுகும்வரை முறுக்கி, ஆறில் ஒரு சுற்றுத் திரும்பி விட்டு, லாக் வாஷரை மடித்துவிட வேண்டும்.

பிரேக்குக்கு வருகிறேன். 9 அங்குல டிரம் நாலும் லேத்துக்குப் போய், மேடு போக மட்டும் ஒரு கட்டிங். முன் இடப்பக்கம் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் பிஸ்டன் துருவோடு ஒட்டிக்கிடந்தது. வலப்பக்கம் இழுத்ததில் இதற்கும் பங்கு உண்டு. சிலிண்டர்களைப் புதிதாகவே வாங்கினேன். ஒரு கடையில் நாலுக்கும் ஒரே அளவைக் கொடுத்தார்கள். முன்பக்கம் 1 அங்குலம், பின்பக்கம் முக்கால் அங்குலம். பின்னாலும் பெரிதைப் போட்டால் காலித் தொட்டியோடு மழையில் மிதிக்கும்போது பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். இரண்டைத் திருப்பிக் கொடுத்து மாற்றினேன். ரப்பர் கப்பை மாட்டும்போது கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தொடவே கூடாது, உப்பிவிடும். பிரேக் ஆயிலையே தடவ வேண்டும். பைப் லைன் முழுவதும் புதிது. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலுக்கு அடியில், ஒரே சர்க்யூட். எங்காவது ஒரு இடத்தில் ஒழுகினால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அதனால் பைப்பில் சிக்கனம் பார்க்கவில்லை.

ஏர் எடுத்து முடித்ததும் பெடல் கல்லு மாதிரி நின்றது. அதைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். விடியற்காலை எண்ணூர் விரைவுச்சாலையில், கன்டெய்னர் லாரி வரிசை அசையத் தொடங்கும் முன், எடுத்துக்கொண்டு போனேன். நாலு கிலோமீட்டரில் வண்டி கனத்தது. ஆறாவதில் மூன்றாம் கியரில் இழுக்கவில்லை. ஓரம் கட்டி இறங்கினால் நாலு டிரம்மிலிருந்தும் புகை நாற்றம். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. தெரியாமல் எதையோ தப்பாக மாட்டிவிட்டேன் என்று மனதுக்குள் எல்லாவற்றையும் மறுபடி கழற்றிக்கொண்டிருந்தேன்.

மேஸ்திரிக்குப் போன் போட்டேன். "பெடல்ல விளையாட்டு எவ்ளோ?" என்றார். விளையாட்டே இல்லை, கல்லு மாதிரி என்று நான் கொண்டாடியது அதைத்தான். பெடல் தண்டு பிஸ்டனைச் சற்றே தள்ளிக்கொண்டிருந்தால் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் சின்னத் துளை மூடியே இருக்கும். சூட்டில் விரியும் ஆயில் டேங்க்குக்குத் திரும்ப வழியில்லாமல் ஷூவை மேலும் தள்ளும், அது இன்னும் சூடாக்கும். அடைபட்ட மூக்கின் கதையேதான், இந்த முறை அடைத்தது நான். ஏர் எடுக்கும் பிளீடர் நிப்பிள் ஒன்றை அரைச் சுற்று திறந்தேன், பீய்ச்சி அடித்தது, வண்டி விட்டுக்கொடுத்தது. ரோட்டோரம் படுத்து தண்டின் நீளத்தைக் குறைத்து, பெடலில் நாலு நூல், அதாவது அரை அங்குலம், சும்மா போகும்படி வைத்தேன்.

அந்தச் சூட்டில் வெந்த ஆயிலை அப்படியே விட மனமில்லை. முழுவதும் மாற்றி டாட் 4 ஊற்றினேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 புதிதாக 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் 140 போதும். டாட் 4-க்கு அது 230-ம் 155-ம். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நிற்கும் வண்டிக்கு வருடம் ஒருமுறை மாற்றுவது என்று வைத்திருக்கிறேன்.

பிரீதர் இரண்டையும் கழற்றி, ரப்பர் குழாய் மாட்டி, தொட்டியின் மேல்விளிம்பு வரை கொண்டுபோய்க் கவிழ்த்துக் கட்டிவிட்டேன். இந்த மொத்த வேலையிலும் குறைந்த செலவு அதுதான், நூற்று இருபது ரூபாய். மீதி எல்லாம் சேர்ந்து நாற்பதாயிரத்தைத் தொட்டது.

போன வாரம் மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய் வந்தேன். மணலில் நாலு சக்கரமும் போட்டு ஓட்டினேன், உப்புத் தண்ணீரில் மட்டும் இறக்கவில்லை. திரும்பி வந்ததும் நாலு டிரம்மையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். மூன்று ஒரே சூடு. முன் இடது மட்டும் கையை வைக்க முடியாத அளவு. ஷூவை டிரம்முக்கு நெருக்கி வைக்கும் எக்ஸென்ட்ரிக்கைக் கொஞ்சம் பின்னால் திருப்பி விட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும்.