ஆமிஷ் வீட்டில் தொலைபேசி எங்கே இருக்கும்?

நவீன வசதிகளைக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்தும் கிறிஸ்தவர்களான ஆமிஷ் மக்கள் என்றாலே, காருக்குப் பதில் அவர்கள் ஓட்டும் குதிரை வண்டியை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 1693-இல் சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதி அனபாப்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் (விவரம் தெரிந்த வயதில்தான் ஞானஸ்நானம் பெறுபவர்கள்) பிளவுபட்டபோது யாக்கோப் அம்மான் என்ற தலைவர் பக்கம் நின்றவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். துன்புறுத்தலுக்குத் தப்பி 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கு வந்தார்கள். அங்கே லங்காஸ்டரில் பல குடும்பங்களுக்குத் தொலைபேசி உண்டு, ஆனால் வீட்டுக்குள் இல்லை. வெளியே ஒரு சின்ன மரக் கொட்டகையில் இருக்கும். அவசரத்துக்கு டாக்டரைக் கூப்பிடலாம், வியாபாரம் பேசலாம். சாப்பிடும்போது மணி அடிக்காது! புதிதாக ஒரு பொருள் வந்தால் குடும்பமும் ஊரும் என்ன ஆகும் என்று சபையாக யோசித்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஞானஸ்நானம் பெற்றபின் கட்டுப்பாட்டை மீறினால் விலக்கிவைப்பார்கள், அது எனக்கு உறுத்தல்தான். அப்புறம், ஒருவருடைய களஞ்சியம் எரிந்துபோனால் ஊரே திரண்டு வந்து ஒரே நாளில் புதிதாக எழுப்பிவிடும். பலர் காப்பீடு எடுக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.