பழைய ஃபோனுக்குள் இரண்டு லினக்ஸ்: நெட்வொர்க்கோடு மல்லுக்கட்டு

டிராயரில் தூங்கிய பழைய ஆண்ட்ராய்டு ஃபோனில் டெர்மக்ஸ் (லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டெர்மினல் ஆப்) போட்டு, கியூஎமு என்ற எமுலேட்டர் உருவாக்கும் விஎம்முக்குள் (மெய்நிகர் கணினி) ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸை ஓட்டும் வரை வந்தாயிற்று. ஃபோனை ரூட் செய்யவில்லை (முழு நிர்வாக உரிமையை எடுக்கவில்லை), செய்யவும் போவதில்லை. விஎம்மை வேகமாக ஓட்ட உதவும் கேவிஎம் கிடைக்காததால் பூட் ஆவதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம். சரி, அது தெரிந்துதான் இறங்கினேன். படுத்தியெடுத்தது நெட்வொர்க்.

ரூட் இல்லாமல் டேப், பிரிட்ஜ் என்று விஎம்மை நேரடியாக நெட்வொர்க்கில் சேர்க்கும் வழி எதுவும் நடக்காது. மிச்சமிருப்பது யூசர் மோடு நெட்வொர்க், அதாவது ஸ்லிர்ப். விஎம் அனுப்பும் பாக்கெட்டைப் பிரித்து, மற்ற ஆப்கள் செய்வது போலவே சாதாரண சாக்கெட் திறந்து வெளியே அனுப்பும். விஎம்முக்குக் கிடைக்கும் ஐபி முகவரி 10.0.2.15, கேட்வே (வெளியே போகும் வாசல்) 10.0.2.2, டிஎன்எஸ் (பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தருவது) 10.0.2.3.

முதல் நாள், ஐபி எண்ணைக் கொடுத்தால் பக்கம் வருகிறது, பெயரைக் கொடுத்தால் ‘பேட் அட்ரஸ்’. ஒரு மணி நேரம் வைஃபை ரூட்டரைத் திட்டினேன். பாவம், அதன் மேல் தப்பே இல்லை. 10.0.2.3க்கு வரும் கேள்வியை யாரிடம் தள்ளுவது என்பதை ஸ்லிர்ப் வழக்கமாக ரிசால்வ் டாட் கான்ஃப் கோப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். ஆண்ட்ராய்டில் வழக்கமான இடத்தில் அந்தக் கோப்பே கிடையாது. விஎம்முக்குள் அதே பெயருள்ள கோப்பில் கூகுளின் டிஎன்எஸ்ஸான 8.8.8.8 என்று எழுதியதும் சரியானது. ரீபூட் செய்தால் பழைய குருடி கதவைத் திறடி! விஎம்முக்கு முகவரி வாங்கித் தரும் டிஹெச்சிபி கிளையன்ட் அந்தக் கோப்பை மாற்றி எழுதியிருந்தது. அந்தக் கிளையன்டான யூடிஹெச்சிபிசியின் கான்ஃபிக்கில் ‘இதைத் தொடாதே’ என்று சொன்ன பிறகே அடங்கியது.

அப்புறம் எஸ்எஸ்ஹெச், அதாவது இன்னொரு கணினியிலிருந்து உள்ளே நுழையும் வழி. 1024க்குக் கீழுள்ள போர்ட் (இணைப்பு வரும் கதவு எண்) ரூட் இல்லாமல் கிடைக்காது என்பதால், ஃபோனின் 2222இல் வருவதை விஎம்மில் எஸ்எஸ்ஹெச் காத்திருக்கும் 22க்குத் திருப்பினேன். லேப்டாப்பிலிருந்து உள்ளே போக முடிந்தது. ஒன்று கவனியுங்கள்: போர்ட்டை மட்டும் கொடுத்தால் அதே வைஃபையில் இருக்கும் யாரும் வந்து தட்டலாம். வெளியே தெரியக்கூடாதவற்றுக்கு முன்னால் 127.0.0.1 (ஃபோனுக்குள் மட்டும் எட்டும் முகவரி) சேர்த்துவிடுங்கள்.

நேற்று இரண்டாவது விஎம்மை ஏற்றினேன். பார்த்தால் அதற்கும் 10.0.2.15! முதலில் முகவரி மோதல் என்று பயந்தேன். மோதல் இல்லை, இரண்டும் தனித்தனி ஸ்லிர்ப்புக்குள் இருக்கின்றன, ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது. ராத்திரி பதினொன்றரைக்குத்தான் உறைத்தது: விஎம்மின் பார்வையில் 10.0.2.2 என்பது கேட்வே மட்டுமல்ல, ஃபோனேதான். இரண்டாவது விஎம்மில் ஓடும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 5432 போர்ட்டை ஃபோனின் 15432இல் கொண்டுவந்து வைத்துவிட்டு, முதல் விஎம்மிலிருந்து 10.0.2.2இன் 15432ஐக் கூப்பிட்டேன். போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்டு கேட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் பாஸ்வேர்டு அடித்ததே இல்லை.

மொபைல் டேட்டாவுக்கு மாறினால் வெளியிலிருந்து உள்ளே வர வழியில்லை. சிம்முக்குக் கிடைப்பது 100.64இல் தொடங்கும் முகவரி, ஆபரேட்டரின் என்ஏடிக்கு (NAT, பலருக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து தரும் அமைப்பு) பின்னால் இருப்பது. விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) ஒன்றுக்கு ரிவர்ஸ் டனல், அதாவது ஃபோனே உள்ளிருந்து தொடங்கும் இணைப்பு, போட வேண்டும், அது அடுத்த வாரம்.

திரை அணைந்ததும் இணைப்பு உறைவது ஃபோனைத் தூங்கவிடாத டெர்மக்ஸின் வேக் லாக்கைப் போட்டதும் நின்றது. ஃபோன்தான் கொதிக்கிறது. இப்போதைக்கு ஃபேனுக்கு நேராக, ஒரு எவர்சில்வர் தட்டின் மேல் படுத்திருக்கிறது.