இறங்கறது ஈசிதான், கயிறு இறங்கி வரணுமே

நாங்க சத்தியவேடு. ஊத்துக்கோட்டை தாண்டினா வந்துரும், வீட்ல தமிழ், கடைல தெலுங்கு. நாகலாபுரம் மலை ஓடைல சின்ன வயசுல இருந்தே குளிச்சிருக்கேன், ஆனா அருவி அருவியா கயித்துல இறங்கி வர்றத போன ஜனவரிலதான் பழகினேன், சென்னைல இருந்து வர்ற ஒரு அண்ணன் கூட்டிட்டுப் போனார். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டார், மேல எங்கயோ மழை பெஞ்சா இங்க தண்ணி திடீர்னு ஏறிரும்.

இதுல பெரிய விஷயமே கயிற திரும்ப எடுக்கறதுதான். அடுத்த அருவிக்கும் அதே கயிறுதான் வேணும், மேல ஏறிப்போயி அவுக்க வழி கிடையாது. அதனால மரத்துலயோ பாறைலயோ வெப்பிங்னு சொல்ற நைலான் பட்டைய சுத்தி, அதுல ஒரு ஸ்டீல் ரேபிட் லிங்க், அதாவது திருகி மூடற வளையம் மாட்டி, கயிற அந்த லிங்க் வழியா விடணும். நேரா வெப்பிங்லயே விட்டா, இழுக்கறப்ப நைலான் மேல நைலான் உரசி சூட்டுல உருகிரும், அடுத்து வர்றவன் அத நம்பித்தான் தொங்குவான். லிங்க்கும் வெப்பிங்கும் அங்கயே போச்சு, எனக்கு முதல்ல மனசே வரல.

அப்புறம் பினர் பிளாக், அதாவது கயிறு லிங்க் வழியா ஓடிராம தடுக்கறது. லிங்க்குக்கு ஒரு பக்கத்துல கயித்த காராபினர்ல (திறந்து மூடற கொக்கி) க்ளோவ் ஹிட்ச்ங்கற முடிச்சு போட்டு லிங்க்க ஒட்டி நிறுத்தணும், அந்தக் காராபினர் லிங்க்குக்குள்ள நுழையாது, அதனால எதிர்ப்பக்க கயித்துல இறங்கலாம். பக்கம் மாத்தி மாட்டினா கயிறோட சேர்ந்து நீயும் கீழதான், அதனாலதான் அண்ணன் ஒவ்வொருத்தர் டிவைஸயும் (கயித்த உரசி மெதுவா இறங்க விடற கருவி) கைய வெச்சுப் பாத்துட்டுதான் விடுவார். கயிறு தண்ணிய தொடற அளவுக்குத்தான் விடுவார், எக்ஸ்ட்ரா இருந்தா குட்டைல நீந்தறப்ப கால்ல சுத்திக்கும். தண்ணி ஓடற அருவில நுனில முடிச்சும் கிடையாது, டிவைஸ் முடிச்சுல மாட்டினா அருவிக்கு நடுவுல தொங்க வேண்டியதுதான்.

ரெண்டாவது அருவி, ஒரு 12 மீட்டர் இருக்கும், 30 மீட்டர் கயிறு. கடைசி ஆள் நான். கடைசி ஆள் பிளாக்க அவுத்துட்டு ரெண்டு இழையையும் சேத்து டிவைஸ்ல போட்டு இறங்கணும், அப்பத்தான் இழுக்கறப்ப காராபினர் எங்கயும் சிக்காது. அவுத்தேன், இறங்கினேன், பாதில கால் வழுக்கி பம்பரம் மாதிரி ஒரு மூணு சுத்து சுத்திட்டேன், கீழ வந்ததும் எல்லாரும் சிரிச்சாங்க நானும் சிரிச்சேன். அப்புறம் இழுத்தா ரெண்டு அடி வந்துச்சு, நின்னுருச்சு. மூணு பேர் தொங்கினோம், அசையல. ஒருத்தன் "நான் ஏறிப் பாக்கறேன்ணே"ன்னான், அண்ணனுக்கு வந்துச்சே கோவம், "எதுல சிக்கியிருக்குன்னு தெரியாத கயித்துல ஏறுவியாடா"ன்னு.

நல்லவேளை ரெண்டு நுனியும் இன்னும் எங்க கைலதான் இருந்துச்சு. அண்ணாந்து பாத்தா ரெண்டு இழையும் ஜடை பின்னின மாதிரி முறுக்கிக் கெடக்கு, நான் சுத்துன சுத்துதான். ஒரு நுனிய நான் புடிச்சுக்க அண்ணன் இன்னொன்ன புடிச்சுட்டு என்னைய எதிர்ப்பக்கமா மூணு தடவ சுத்தி வந்தார், இடுப்பளவு தண்ணில. முறுக்கு பிரிஞ்சதும் சுவத்த விட்டுத் தள்ளி நின்னு இழுத்தோம், சர்ருனு வந்து தலைக்கு மேல விழுந்துச்சு.

ஹார்னஸ்ல, அதாவது இடுப்புல போடற பெல்ட்ல இருந்து, ஒரு குயிக்டிராவ (ரெண்டு நுனிலயும் காராபினர் இருக்கற குட்டிப் பட்டை) ஒரு இழைல மட்டும் மாட்டிட்டு இறங்கினா ரெண்டும் பிரிஞ்சே இருக்குமாம். அப்பதான் சொல்றார். அடுத்த அருவிக்கு என்னைய கடைசில விடல, மூணாவதா போகச் சொன்னார்.