மாறுநிலையை ஒட்டி இயங்கும் கலத்துக்கு ரிலீஃப் வால்வு அளவு கண்ட அனுபவம்

காரைக்குடிக்கு அருகே கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ முதலிய சரக்குகளிலிருந்து கரியமில வாயுவைக் கொண்டு சாறு இறக்கும் சிறு ஆலை ஒன்று உண்டு. அங்கே திரவக் கரியமில வாயுவைச் சேர்த்து வைக்கும் கலத்துக்கு ரிலீஃப் வால்வின் (அழுத்தம் மிகும்போது தானே திறந்து கலத்தைக் காக்கும் வால்வு) அளவைக் கணக்கிட்டுத் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. கலத்தின் வடிவமைப்பு அழுத்தம் 75 பார். இந்த வாயுவின் மாறுநிலை வெப்பநிலை 31 டிகிரி செல்சியஸ், மாறுநிலை அழுத்தம் 73.8 பார்; இவ்விரண்டையும் தாண்டினால் திரவம், வாயு என்ற வேறுபாடு மறைந்துவிடும். சித்திரை மாதத்தில் எங்கள் பக்கம் நிழலிலேயே 38 டிகிரியைத் தாண்டுவது வழக்கம் என்பதால், குளிரூட்டி நின்றுபோனால் கலத்துக்குள் இருப்பதைத் திரவம் என்றும் சொல்ல முடியாது, வாயு என்றும் சொல்ல முடியாது.

பம்ப் ஓடிக்கொண்டிருக்கையில் வெளிவழி அடைபடுவது போன்ற நிலைமைகளையும் பார்த்தேன். அவை சிறிய அளவிலேயே முடிந்துவிட்டன. அளவைத் தீர்மானித்தது தீ விபத்து நிலைமைதான். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ 521 தரநிலை தரும் வாய்பாட்டில், வடிகால் வசதியும் உடனடித் தீயணைப்பும் இருந்தால் கெழு 43,200, இல்லாவிட்டால் 70,900. ஆலையில் தரைச் சரிவும் இல்லை, தீயணைப்பு நீர்க்குழாயும் இல்லை என்பதால் பெரிய எண்ணையே எடுத்தேன். இதில் பேரம் பேச இடமில்லை என்பது என் கருத்து. நனையும் பரப்பு (திரவம் உள்ளிருந்து தொடும் கலச் சுவரின் பரப்பு) 4 சதுர மீட்டர், அதன் 0.82 அடுக்கை 70,900 ஆல் பெருக்கினால் கலத்துக்குள் நுழையும் வெப்பம் சுமார் 221 கிலோவாட் என்று வந்தது.

சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியது. சாதாரணத் திரவமென்றால் இந்த வெப்பத்தை உள்ளுறை வெப்பத்தால் வகுத்து, வெளியேற வேண்டிய நிறையைப் பெற்றுவிடலாம். தீ நிலைமையில் 21 சதவீதம் கூடுதல் அழுத்தம் அனுமதிக்கப்படுவதால் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது கலத்தில் தனி அழுத்தம் (வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தது) ஏறக்குறைய 92 பார். அது மாறுநிலை அழுத்தத்துக்கு மேலே இருப்பதால் அங்கே கொதித்தல் என்பதே கிடையாது, வகுப்பதற்கு உள்ளுறை வெப்பமும் கிடையாது. கிலோவுக்கு 115 கிலோஜூல் என்று ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும் பழைய வழக்கம் உண்டு. சரிபார்க்க அது உதவும். அதை மட்டும் நம்பிக் கையெழுத்திட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே 92 பாரில் வெப்பநிலையைச் சிறு சிறு படிகளாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் பாய்மம் எவ்வளவு விரிகிறது, அதற்கு எவ்வளவு வெப்பம் பிடிக்கிறது என்று கணக்கிட்டேன். வெப்ப விரிவுக் கெழுவைத் தன்வெப்பத்தால் வகுத்து, வரும் வெப்பத்தால் பெருக்கினால் வெளியேற வேண்டிய நிறை கிடைக்கும். 40 டிகிரியை ஒட்டி இவ்விரண்டு அளவுகளும் தனித்தனியே மலைபோல் எழுகின்றன. ஆனால் இரண்டும் சேர்ந்தே எழுவதால் அவற்றின் விகிதம் அடங்கி நிற்கிறது. அட்டவணையில் அதைக் கண்டபோது உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. பண்புகளுக்கு, 1996 இல் வெளியான ஸ்பான்–வாக்னர் நிலைச் சமன்பாட்டை (கரியமில வாயுவின் அழுத்தம், வெப்பநிலை, அடர்த்தி ஆகியவற்றை இணைப்பது) இலவசமாகக் கிடைக்கும் கூல்ப்ராப் நிரல் வழியே பயன்படுத்தினேன்.

இத்தனை வரிகளைப் பார்த்த ஆலை உரிமையாளர், "ஒரு வால்வுக்கு இம்புட்டுக் கணக்கா தம்பி?" என்று கேட்டார். "வட்டியை நாள்வாரியாகப் போட்டால்தானே சரியாக வரும், ஆச்சி" என்றேன். அதற்கு மேல் அவர் விளக்கம் கேட்கவில்லை.

அடுத்தது வால்வின் துளை வழியே எவ்வளவு பாயும் என்பது. ஒரு விற்பனையாளர் அனுப்பிய கணக்குத் தாளில், நல்லியல்பு வாயுவுக்குரிய வாய்பாடே இருந்தது. அதில் அமுக்கத்திறன் காரணி (வாயு நல்லியல்பிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் எண்; நல்லியல்பு வாயுவுக்கு 1) 0.3, தன்வெப்பங்களின் விகிதம் (மாறா அழுத்தத்தில் உள்ளதை மாறாக் கன அளவில் உள்ளதால் வகுத்தது) பண்பு அட்டவணையில் உள்ளபடியே. அந்த வாய்பாட்டை அமுக்கத்திறன் காரணி 0.8 முதல் 1.1 வரை உள்ள இடத்தில்தான் நம்பலாம். மேலும், மாறுநிலைக்கு அருகே தன்வெப்ப விகிதம் 1.3 என்ற வழக்கமான மதிப்பிலிருந்து பல மடங்கு ஏறிவிடுவதால், அதை அப்படியே போட்டால் துளை வழியே நிறையப் பாய்வதுபோலத் தோன்றித் தேவையான பரப்பு சிறுத்துவிடும். அவர்கள் தாளில் வந்த பரப்பு, என் கணக்கில் வந்ததில் ஏறக்குறைய பாதிதான்.

நான் எடுத்த வழி இது: என்ட்ரோபி மாறாமல் (அதாவது வெப்பப் பரிமாற்றமோ உராய்வோ இல்லை என்று கொண்டு) அழுத்தத்தை 92 பாரிலிருந்து படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் என்தால்பி (பாய்மம் சுமந்து செல்லும் ஆற்றல்) குறைந்த அளவிலிருந்து வேகத்தைக் கண்டு, அடர்த்தியால் பெருக்க வேண்டும், அந்தப் பெருக்கற்பலன் எங்கே உச்சம் தொடுகிறதோ அதுவே துளையின் கொள்ளளவு. 40 டிகிரியில் தொடங்கும் பாதை திரவமும் ஆவியும் கலந்த பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. வாயுவுக்கான வாய்பாட்டுக்கு அது தெரியவே தெரியாது. இந்தக் கணக்கை எல்லா வெப்பநிலைப் படிகளிலும் செய்ய வேண்டும். ஏனெனில், அதிக நிறை வெளியேறும் தருணமும் அதிகப் பரப்பு தேவைப்படும் தருணமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

முடிவில் 40 சதுர மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டிய பரப்பு தேவைப்பட்டது. வால்வுத் துளை அளவுகளை வகுக்கும் ஏபிஐ 526 தரநிலையில் மிகச் சிறியதான 'டி' துளையே 71 சதுர மில்லிமீட்டர் என்பதால் அதைத் தேர்ந்தோம்; விற்பனையாளர் காட்டிய மரையிட்ட சின்ன வால்வைத் திருப்பி அனுப்பினோம். வெளியேற்றக் குழாயில் மட்டும் ஒரு மாற்றம் சொன்னேன். கரியமில வாயு 5.18 பாருக்குக் கீழே இறங்கும்போது உலர்பனியாக உறைந்து நீண்ட குழாயை அடைத்துவிடக்கூடும். எனவே வால்வைக் கூரைக்கு மேலே குழாயின் கடைசியில் பொருத்தி, அதற்குப் பின் குழாயே இல்லாமல், ஆள் நடமாட்டமில்லாத பக்கமாகத் திறக்கும்படி வைத்தோம்.